கோடிட்ட இடத்தில் எந்த வினை?



சென்ற ஆண்டு ஒரு நாள், பள்ளி விட்டபின், ஜாசின் வட்டாரத்துத் தோட்டத் தாய் ஒருவர் நம்மைக் காண வந்தார். செம்பனைக் காட்டு வேலை முடிந்து நேரே வந்திருந்தார். கையில் மகனுடைய ஆங்கிலத் தேர்வுத்தாள். அதில் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம். கொடுக்கப்பட்ட நான்கு விடைகளிலிருந்து பொருத்தமான வினைச்சொல்லை எடுத்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பையன் வாங்கியிருந்தது மூன்று மதிப்பெண்.

“மத்த பாடமெல்லாம் நல்லாத்தான் செய்யிறான் சார். இந்த இங்கிலீஷ் மட்டும் எங்க வீட்டு ஆளுங்களுக்கே வராது போல. விட்டுடவா சார்?” என்று அந்த அம்மா கேட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தோம். ஏழு தவறுகள். ஆனால் கூர்ந்து பார்த்தபோது அவை ஏழு தவறுகள் அல்ல, மூன்றே தவறுகள் என்பது தெரிந்தது. ஒரே தவறு சட்டை மாற்றிக்கொண்டு இரண்டு மூன்று இடங்களில் வந்திருந்தது. அந்த மூன்றையும் திருத்திவிட்டால் ஏழு மதிப்பெண்ணும் திரும்பி வரும். இதை அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. அவருக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறோம்.

ஒன்றை முன்னதாகக் கூறிவிடுகிறோம். ஆங்கிலச் சொற்களை ஒலிக்கும் விதமாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். ஆங்கிலம் படிக்காத பெற்றோரும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும் என்பதே காரணம். பிள்ளைகள் பக்கத்தில் ஒரு தாளை வைத்து, அதே சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

காது போதாது, காரணம் வேண்டும்

“படித்துப் பார், காதுக்கு எது நன்றாக ஒலிக்கிறதோ அதை எழுது.” நாமும் வேலைக்கு வந்த புதிதில் பல ஆண்டுகள் பிள்ளைகளிடம் இப்படித்தான் சொல்லிவந்தோம். அது தவறு என்று பிறகுதான் உணர்ந்தோம். வீட்டில் ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைக்குக் காது துணை செய்யும். தோட்டத்துப் பிள்ளை வீட்டில் தமிழையும் கடையில் மலாயையும் கேட்கிறது. ஆங்கிலம் கேளாத காது எதைத் தேர்ந்தெடுக்கும்? காது இல்லாத இடத்தில் காரணம் வேண்டும். காரணத்தைக் கற்றுக்கொடுக்காமல் காதை நம்பச் சொன்னது நம் பிழையே தவிரப் பிள்ளையின் பிழையன்று.

அந்தக் காரணத்தின் பெரும்பகுதி நம் தாய்மொழியிலேயே இருக்கிறது. மலாய்மொழியில் வினைச்சொல் ஆளுக்கோ காலத்துக்கோ தக்கபடி மாறுவதில்லை. ‘செமாலாம் சாயா பெர்கி’ என்றாலும் ‘ஏசோக் டியா பெர்கி’ என்றாலும் ‘பெர்கி’ பெர்கிதான். தமிழ் அப்படியா? போனேன், போகிறாள், போவார்கள் என்று ஆளுக்கும் காலத்துக்கும் ஒன்றாக வினை மாறுகிறது. வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகின்றன என ஐந்து விகுதிகளை நம் பிள்ளை பள்ளிக்கு வருமுன்னரே தடுமாறாமல் பேசுகிறது. ஆங்கிலத்தில் அத்தனைக்கும் பெரும்பாலும் இரண்டே வடிவங்கள்: ‘கம்’, ‘கம்ஸ்’. கடினமானதைத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு எளிதானது வராமல் போகுமா?

இனி முறைக்கு வருவோம். பால் வெட்டுகிறவர் மரத்தடிக்குப் போனதும் உளியை வைத்துவிடுவதில்லை. பழைய ஒட்டுப்பாலை உரித்த பிறகே வெட்டுவார். எந்த வேலைக்கும் வரிசை உண்டு. கோடிட்ட இடத்தைப் பார்த்ததும் பிள்ளை மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். கோட்டிற்கு முன்னே எது நிற்கிறது? எப்போது நடந்தது? யார் செய்வது?

முதல் கேள்வி: கோட்டிற்கு முன்னே எது நிற்கிறது?

வினைக்கு முன்னே ஒரு துணைவினை நின்றால் அதன் சொல்லே சட்டம். மற்ற இரு கேள்விகளுக்கும் போக வேண்டியதில்லை. துணைவினைகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதற்கூட்டம்: கேன், வில், மஸ்ட், ஷுட், மே, டூ, டஸ், டிட். இவற்றுக்குப் பின்னே வினை எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக வரும். “ஷீ கேன் ஸ்விம்” என்பதே சரி. “கேன் ஸ்விம்ஸ்” தவறு. “ஹீ டிட் நாட் கோ” சரி; “டிட் நாட் வென்ட்” தவறு.

இது ஏன் என்று பிள்ளை கேட்டால் தமிழைக் காட்டுங்கள். ‘அவன் போனான்’ என்கிறோம். இல்லை என்று மறுக்கும்போது ‘அவன் போனான் இல்லை’ என்றா சொல்கிறோம்? ‘போகவில்லை’ என்கிறோம். ‘போக’ என்பதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. நான் போகவில்லை, அவள் போகவில்லை, அவர்கள் போகவில்லை, எல்லாம் ஒன்றே. ‘போக வேண்டும்’, ‘போக முடியும்’ என்பவையும் அப்படியே. தமிழில் ‘போக’ நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘கோ’ மொட்டையாக நிற்கிறது. இதைக் கண்டுகொண்ட பிள்ளை ‘டிட் வென்ட்’ என்று எழுதுவது அரிது.

கேள்வி வாக்கியத்தில் ஒரு பொறி உண்டு. “டஸ் யுவர் மதர் ____ இன் த எஸ்டேட்?” என்று கேட்டால், கோட்டிற்கு நேர் முன்னே ‘மதர்’ நிற்கிறது. ஒருமை என்று எண்ணிப் பிள்ளை ‘ஒர்க்ஸ்’ என்று போட்டுவிடும். துணைவினை வாக்கியத்தின் தலைக்குத் தாவிவிட்டதை அது பார்க்கவில்லை. ‘டஸ்’ என்பதிலேயே அந்த ‘ஸ்’ ஏறிவிட்டது. ஒரு நாள் வேலைக்குக் கிராணியார் இரண்டு முறை பெயர் பதிய மாட்டார் அல்லவா? ஆகவே விடை ‘ஒர்க்’.

இரண்டாம் கூட்டம்: ஹேஸ், ஹேவ், ஹேட். இவற்றுக்குப் பின்னே வினையின் மூன்றாம் வடிவம் வரும். கோ, வென்ட், கான் என்னும் மூன்றில் ‘கான்’. “ஹீ ஹேஸ் கான் ஹோம்.” தமிழில் ‘போயிருக்கிறான்’, ‘போய்விட்டான்’ என்று சொல்லும் இடம் இது.

மூன்றாம் கூட்டம்: இஸ், ஏம், ஆர், வாஸ், வெர். இவற்றுக்குப் பின்னே இரண்டில் ஒன்று வரலாம். எழுவாய் தானே செய்துகொண்டிருந்தால் ‘இங்’ சேரும்: “த டீச்சர் இஸ் டீச்சிங்.” எழுவாய்க்கு அது செய்யப்பட்டால் மூன்றாம் வடிவம் வரும்: “மலாக்கா வாஸ் கேப்ச்சர்ட் இன் 1511.” மலாக்கா யாரையும் கைப்பற்றவில்லை, போர்த்துக்கீசியரால் கைப்பற்றப்பட்டது. தமிழாக்கிப் பார்க்கும்போது ‘கொண்டிருக்கிறது’ வந்தால் ‘இங்’. ‘பட்டது’ வந்தால் மூன்றாம் வடிவம். நம் செய்வினை, செயப்பாட்டுவினைப் பாடமே இங்கும் வேலை செய்கிறது.

இரண்டாம் கேள்வி: எப்போது?

துணைவினை முன்னே இல்லையானால், அல்லது துணைவினையும் சேர்ந்தே விடைகளில் இருந்தால், காலம் காட்டும் சொல்லைத் தேட வேண்டும். கண்டதும் அதன்கீழ் கோடு போடச் சொல்லுங்கள்.

‘எவ்ரி டே’, ‘ஆல்வேஸ்’, ‘யூஷுவலி’ ஆகியவை வழக்கத்தைக் காட்டும். சாதாரண நிகழ்காலம் வரும். “மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ் எவ்ரி டே.” இங்கே தமிழே நம் பிள்ளையைச் சறுக்கிவிடும். ‘அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார்’ என்று வழக்கத்தை நாம் எதிர்கால வடிவில் பேசுகிறோம். அதனால் பிள்ளை ‘வில் கெட் அப்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறது. தினமும் நடப்பதற்கு ‘வில்’ வேண்டாம். நாளை நடக்கப்போவதற்குத்தான் ‘வில்’ என்று சொல்லிவையுங்கள்.

‘நவ்’, ‘லுக்!’, ‘லிசன்!’ என்று வந்தால் செயல் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது, ‘இங்’ வடிவம்.

‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘அகோ’, அல்லது கடந்துபோன ஓர் ஆண்டு வந்தால் இரண்டாம் வடிவம். “டான் சாய் யான் பிளான்டட் ரப்பர் இன் மலாக்கா இன் 1896.” நம் மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் அவர் தொடங்கியது இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டங்களுள் ஒன்று. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து பால் வெட்டிய கதைக்கு அதுவே முன்கதை. ஆண்டு குறிப்பிடப்பட்டுவிட்டது, செயல் முடிந்துவிட்டது. ஆகவே ‘ஹேஸ் பிளான்டட்’ பொருந்தாது. ‘பிளான்டட்’ ஒன்றே சரி.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ ஆகியவை நம் பிள்ளைகளை மிகவும் தடுமாறச் செய்பவை. இதற்கும் தமிழில் ஒரு விளக்கு இருக்கிறது. ‘2008 முதல்’ என்று தொடங்கிய இடத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. ‘பத்து ஆண்டுகளாக’ என்று நீளத்தைச் சொன்னால் ‘ஃபார்’. அன்று தொடங்கி இன்றும் தொடர்கிற செய்தியானால் ஹேஸ் அல்லது ஹேவ் வர வேண்டும். “மலாக்கா ஹேஸ் பீன் எ வேர்ல்ட் ஹெரிடேஜ் சிட்டி சின்ஸ் 2008.” அந்த ஆண்டில்தான் மலாக்கா நகரம் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது, இன்றும் இருக்கிறது. இங்கும் தமிழ் சறுக்கும். ‘அக்கா மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறாள்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஒர்க்ஸ்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ‘ஹேஸ் ஒர்க்ட்’ என்றே எழுத வேண்டும்.

ஒரு செயல் நடந்துகொண்டிருக்கையில் மற்றொன்று குறுக்கே வந்தால், நீண்டதற்கு ‘வாஸ்’, ‘வெர்’ என்பவற்றோடு ‘இங்’. குறுக்கே வந்ததற்கு இரண்டாம் வடிவம். “ஐ வாஸ் ரீடிங் வென் த ரெய்ன் ஸ்டார்ட்டட்.” படித்துக்கொண்டிருந்தேன், மழை தொடங்கியது.

காலச்சொல்லே இல்லாவிட்டால்? அதே பத்தியில் உள்ள மற்ற வினைகளைப் பார்க்க வேண்டும். கதை இறந்தகாலத்தில் ஓடினால் கோடிட்ட இடமும் பெரும்பாலும் அதனோடுதான் ஓடும்.

மூன்றாம் கேள்வி: யார்?

நிகழ்காலம் என்று முடிவானபின் எழுவாய் ஒருமையா பன்மையா என்று பார்க்க வேண்டும். படர்க்கையில் ஒருவர் அல்லது ஒன்று என்றால் வினையில் ‘ஸ்’ சேரும். ஐ, யு, வீ, தே ஆகியவற்றுக்கு ‘ஸ்’ இல்லை.

பிள்ளைகள் குழம்புவதற்குக் காரணம் உண்டு. பெயர்ச்சொல்லில் ‘ஸ்’ வந்தால் பன்மை. வினைச்சொல்லில் ‘ஸ்’ வந்தால் ஒருமை. “த பாய் ரன்ஸ்”, “த பாய்ஸ் ரன்.” இருவரில் பெரும்பாலும் ஒருவரிடந்தான் ‘ஸ்’ இருக்கும் என்று சொல்லிக்கொடுத்தால் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

தேர்வுத்தாளில் வழக்கமாக வைக்கும் கண்ணிகள் மூன்று. ஒன்று, ‘எவ்ரி’, ‘ஈச்’ என்பவை. ‘ஒவ்வொரு’ என்றதும் பலர் நினைவுக்கு வந்தாலும் ஆங்கிலம் அதை ஒருமையாகவே கொள்ளும்: “எவ்ரி பாய் ஹேஸ் எ புக்.” இரண்டு, ‘ஒன் ஆஃப்’. “ஒன் ஆஃப் த கோட்ஸ் இஸ் சிக்.” பக்கத்தில் ‘கோட்ஸ்’ நிற்பதைக் கண்டு ‘ஆர்’ போடக்கூடாது, நோயில் கிடப்பது ஓர் ஆடுதான். மூன்று, எண்ண முடியாத பெயர்கள். ரைஸ், மில்க், நியூஸ் ஆகியவை ஒருமை. ‘நியூஸ்’ என்பதன் கடைசியில் ‘ஸ்’ ஒலித்தாலும் “த நியூஸ் இஸ் குட்” என்பதே சரி.

மூன்று வடிவங்களை மனத்தில் பதித்தல்

முறை தெரிந்தால் மட்டும் போதாது. இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் மனத்தில் இருக்க வேண்டும். பல வினைகள் ‘எட்’ சேர்ந்து ஒழுங்காக மாறும். சில ஒழுங்கின்றி மாறும். தமிழிலும் ‘வா’ என்பது ‘வந்தான்’ ஆகிறது, ‘நில்’ என்பது ‘நின்றான்’ ஆகிறது. யாரும் நமக்குப் பட்டியல் போட்டுக் கற்பிக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் படிந்தது. ஆங்கிலத்திற்கும் அப்படிக் கேட்க ஒரு வழி செய்ய வேண்டும்.

வினைகளை நான்கு குடும்பமாக அடுக்குங்கள். மூன்றும் மாறாதவை: கட், கட், கட், புட், புட், புட். பின் இரண்டும் ஒன்றானவை: பை, பாட், பாட், டீச், டாட், டாட். முதலும் கடையும் ஒன்றானவை: கம், கேம், கம். மூன்றும் வேறானவை: கோ, வென்ட், கான், ரைட், ரோட், ரிட்டன், சிங், சாங், சங்.

நாளொன்றுக்கு ஐந்து வினை போதும். ஓர் அட்டையின் ஒரு பக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதட்டும். மறுபக்கத்தில் ஆசிரியரிடம் கேட்டுத் தமிழ்ப்பொருளையும் தமிழ் எழுத்தில் ஒலியையும் எழுதிக்கொள்ளட்டும். இரவு உணவுக்குப்பின் அம்மாவோ அப்பாவோ பாட்டியோ தமிழ்ப்பக்கத்தைத் தம் பக்கம் வைத்துக்கொண்டு, ‘போ, போனேன், போயிருக்கிறேன்’ என்று கேட்கட்டும். பிள்ளை ‘கோ, வென்ட், கான்’ என்று பதில் சொல்லட்டும். சரியா தவறா என்பதை அட்டையே காட்டிவிடும். தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். ஆங்கிலப் பாடத்திற்கு வீட்டிலேயே ஆசிரியர் கிடைத்துவிடுகிறார்.

இனி ஒரு சிறு பயிற்சி. பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. “லுக்! த மங்கீஸ் ____ த ட்ரீ.” கிளைம்ட், இஸ் கிளைமிங், ஆர் கிளைமிங், கிளைம்ஸ்.

2. “டிட் த லாரி ____ யெஸ்டர்டே?” கேம், கம், கம்ஸ், கமிங்.

3. “த டேட் ஆஃப் இன்டிபென்டன்ஸ் வாஸ் ____ இன் மலாக்கா இன் 1956.” அனௌன்ஸ், அனௌன்சிங், அனௌன்ஸ்ட், அனௌன்சஸ்.

4. “ஒன் ஆஃப் மை ஆன்ட்ஸ் ____ இன் அலோர் காஜா.” லிவ், லிவ்ஸ், லிவிங், ஆர் லிவிங்.

5. “மை கிராண்ட்மதர் ____ ஹியர் ஃபார் ஃபார்ட்டி இயர்ஸ் அண்ட் ஸ்டில் லவ்ஸ் திஸ் பிளேஸ்.” வில் லிவ், இஸ் லிவிங், லிவ், ஹேஸ் லிவ்ட்.

விடைகளைப் பார்ப்போம். முதலாவது ‘ஆர் கிளைமிங்’. ‘லுக்’ என்றதால் ‘இங்’, குரங்குகள் பல என்பதால் ‘ஆர்’. இரண்டாவது ‘கம்’, தலையில் ‘டிட்’ நிற்கிறது. ‘யெஸ்டர்டே’யைக் கண்டு ‘கேம்’ போட்டவர்கள் வரிசையை மறந்துவிட்டார்கள். மூன்றாவது ‘அனௌன்ஸ்ட்’; நாள் தானே அறிவிக்கவில்லை, துங்கு அவர்களால் அறிவிக்கப்பட்டது. நான்காவது ‘லிவ்ஸ்’, அத்தைமார் பலர், அலோர் காஜாவில் இருப்பவர் ஒருவர். ஐந்தாவது ‘ஹேஸ் லிவ்ட்’. நாற்பது ஆண்டுகளாக, இன்றும்.

தேர்வுகள் காலத்திற்குக் காலம் மாறுகின்றன. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. அதே 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் வாசித்தல், எழுதுதல், பேசுதல், கேட்டல் என நான்கு தாள்கள் வந்துள்ளன. நம் தோட்டங்களும் மாறிவிட்டன. ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. பல குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்துவிட்டன. ஆனால் எந்தத் தாளிலும் எந்த நேர்முகத்திலும் வினைச்சொல் தன் வேலையை விடவில்லை. பிள்ளை வேலைக்கு மனு எழுதும் நாளிலும் ‘டிட் நாட் வென்ட்’ என்ற ஒரு சொல் அவன் அறிவைக் குறைத்துக் காட்டிவிடும். பயிற்சிக் கல்லூரியில் நாம் எழுதிய முதல் ஆங்கிலக் கட்டுரை சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. அன்று பட்ட வெட்கம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதாலேயே இத்தனை சொல்கிறோம்.

தொடக்கத்தில் சொன்ன தாய் மூன்று மாதங்கழித்து மீண்டும் வந்தார். பையன் எட்டு வாங்கியிருந்தான். அதைவிட நமக்கு மகிழ்ச்சி தந்தது வேறொன்று. தவறிய இரண்டில் ஒன்றை அவரே விரல் வைத்துக் காட்டினார். “இங்க பாருங்க சார், முன்னாடி ‘டிட்’ நிக்குது. அப்ப மொட்டையாத்தானே வரணும்? அவசரப்பட்டுட்டான்” என்றார்.

ஆங்கிலம் தங்கள் வீட்டாருக்கு வராது என்று சொன்னவர் அவர்தான். இன்றிரவே உங்கள் வீட்டிலும் ஐந்து அட்டைகளோடு தொடங்குங்கள்.